வராத பேருந்து



இந்த வாரம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். சரியாகச் சொன்னால், அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் பேசிய பேச்சைக் குறித்து எழுதவேண்டியிருக்கிறது. சிறிது வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர், பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புவோருக்காக ஒரு வழிகாட்டி நூல் எழுதியிருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். தம் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை 'வாத்தியார்' என்றே குறிப்பிடுகிறேன். ஏறக்குறைய 6 ஆண்டுகள், தோளில் துணிப்பையும் கையில் குடையுமாக, பேருந்திலேயே அவர் ஊர் ஊராகச் சென்றார். பேரூர், பவானி கூடுதுறை, கொடுமுடி, கொடிவேரி அணை, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகள், கருமத்தம்பட்டியின் பழைமையான கத்தோலிக்க ஆலயம் என எதையும் விடவில்லை. 1830-இல் கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கிய ஆடிஸ் ஐயரின் சுவடுகளையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஈரோட்டில் ஊழியம் செய்த பிரப் ஐயரின் பெயர் இன்றும் ஒரு ஆலயத்திலும் ஒரு சாலையிலும் நிலைத்திருப்பதையும் தேடிப்போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். 1800-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர், கிணறு, பயிர், நெசவு, விலை என்று கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். அது 1807-இல் லண்டனில் 3 தொகுதிகளாக அச்சாயிற்று. அந்த முறையைத்தான் தாம் பின்பற்றியதாக வாத்தியார் முன்னுரையில் சொல்கிறார்.

ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து 500 பிரதிகள் அச்சிட்டார். சில மாதங்கள் கழித்து நான் அவர் வீட்டுக்குச் சென்றபோது, செய்தித்தாளில் சுற்றிய கட்டுகள் கட்டிலின் கீழே அடுக்கப்பட்டிருந்தன. 430 பிரதிகள் மீதம். "கட்டிலுக்கு அடியில பெருக்கவே முடியலீங்கையா" என்றார் அவருடைய மனைவியார், சிரித்துக்கொண்டே. வாத்தியார் சிரிக்கவில்லை.

பயண நூல்களுக்கு இது புதிய விதி அன்று. நம் அண்டை நிலமாகிய கேரளத்தில் பாரேம்மாக்கல் தோமா கத்தனார் என்ற குருவானவர் 1778-இல் புறப்பட்டு, கப்பலேறி, ரோமுக்கும் லிஸ்பனுக்கும் போய்வந்த கதையை 'வர்த்தமானப் புஸ்தகம்' என்று எழுதிவைத்தார். இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முதல் பயண நூல் அதுவே என்பார்கள். அது அச்சேறியது 1936-இல். ஒன்றரை நூற்றாண்டு ஏட்டிலேயே காத்திருந்தது! இதை வாத்தியாரிடம் ஆறுதலாகச் சொன்னேன். அவ்வளவு நாள் தம் கட்டில் தாங்காது என்றார்.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆலயம் நிறைந்திருந்தது. அறிவிப்பு வேளையில் அந்த நூலைக் கையில் உயர்த்திப் பிடித்துப் பேசினேன். குறையே இல்லாத நூல், இதை நம்பி எங்கும் போகலாம், ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்றேன். உண்மையில் அதுவரை நான் படித்திருந்தது முன்னுரையையும் ஆலயங்களைப் பற்றிய ஓர் அத்தியாயத்தையும் மட்டுமே. அன்று ஆராதனை முடிந்தவுடன் 60 பிரதிகள் விற்றன. மகிழ்ச்சியில் திளைத்த வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் குருமனைக்கு வந்தார்கள். நூல் இணையத்திலும் விற்பனைக்கு இருக்கிறது, இன்று இரவே 40 பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதிவிடுகிறோம் என்றார்கள். நான் தலையசைத்தேன். ஒரு நல்ல மனிதருக்கு உதவுகிறோம் என்ற எண்ணம் அந்தத் தலையசைப்பை மிக எளிதாக்கிவிட்டது.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, வீடு சந்திப்பில், நம் சபையின் விதவைத் தாயார் ஒருவரைக் காணச் சென்றேன். முழங்காலுக்குத் துணி கட்டியிருந்தார். பேச்சோடு பேச்சாக விஷயம் வெளிவந்தது. ஏப்ரல் மாதத்தில் அவரும் அவர் தங்கையும் வாத்தியாரின் நூலை வைத்துக்கொண்டு, பவானிசாகர் பக்கத்தில் ஒரு சிற்றூரில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தைக் காணப் புறப்பட்டிருக்கிறார்கள். காலை 9 மணிக்கு ஒரு நகரப் பேருந்து உண்டு என்று நூல் சொல்கிறது. அந்தப் பேருந்து நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டதாம். வெயிலில் 4 கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். திரும்பவும் நடந்திருக்கிறார்கள்.

"ஏனம்மா, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எப்படிங்கையா சொல்றது? கொறையே இல்லைன்னு நீங்க மேடையில நின்னு சொல்லீட்டீங்க. அதுக்கப்புறம் நானு போயி பஸ் வரலைன்னு சொன்னா, வாத்தியார் மேல ஏதோ பொறாமைன்னுதான நெனப்பாங்க. அதான் விட்டுட்டேனுங்க" என்றார்.

பிறகு அவரே எழுந்து போய் நூலை எடுத்துவந்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய பக்கத்தைத் திறந்து காட்டினார். பிறந்து சில மாதங்களிலேயே இறந்த ஒரு மிஷனெரிக் குழந்தையின் கல்லைப் பற்றி வாத்தியார் அதில் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார். "அதப் படிச்சுட்டுத்தானுங்க போகோணும்னு தோணுச்சு. போனதுல வருத்தமில்லீங்க. புஸ்தகம் நல்லாத்தான் இருக்குது. அந்த பஸ் மட்டும் வரவே இல்லீங்க."

எனக்கு வார்த்தை எழவில்லை. அந்த நூலைப் பற்றி நம் சபையில் உண்மையாய்ப் பேசத் தகுதியுள்ள ஒருவர் இருந்தார் என்றால் அவர் இந்தத் தாயார்தான். அவர் படித்தார், நம்பினார், நடந்தார், கண்டார். அவருடைய வாயை அடைத்தது என் புகழ்ச்சி. பொய்ச் சாட்சி என்றால் ஒருவனுக்கு எதிராகச் சொல்வது மட்டுமே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒருவனுக்கு ஆதரவாகச் சொல்வதிலும் அது உண்டு என்பதை, இத்தனை ஆண்டுகள் பத்துக் கட்டளைகளைப் போதித்த நான், அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

அன்று இரவு எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். இறையியல் கல்லூரி நாள்களிலிருந்து பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் அதைப் பயணிகளின் அறிக்கையாக ஒருநாளும் வாசித்ததில்லை. 12 பேரை அனுப்பும்போது மோசே கேட்டனுப்பிய கேள்விகளைப் பாருங்கள். நிலம் நல்லதா கெட்டதா, வளமானதா இளைத்ததா, மரங்கள் உண்டா, மக்கள் பலவான்களா பலவீனரா, குடியிருப்பு கூடாரமா கோட்டையா. ஒரு வழிகாட்டி நூலின் பொருளடக்கம் போலவே இருக்கிறது! நல்லதை மட்டும் பார்த்து வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட தேசமாயிருந்தும் கெட்டதையும் கேட்டார். கனிகளில் சிலவற்றைக் கொண்டுவரவும் சொன்னார். அது திராட்சை முதற்பழம் பழுக்கும் காலம். 40 நாள் கழித்து, எஸ்கோலில் அறுத்த ஒரு குலையை இருவர் தடியில் கட்டித் தூக்கிவந்தார்கள். சொல்லோடு சான்றும் வந்தது.

பத்துப் பேர் செய்த பிழை எது? இராட்சதரைப் பற்றிச் சொன்னது பிழையென்று வழக்கமாகச் சொல்கிறோம். அப்படியன்று. மதில்கள் பெரியவை என்பது உண்மை; ஏனாக்கின் புத்திரர் இருந்ததும் உண்மை; காலேப் அதை மறுக்கவே இல்லை. கண்டதைச் சொன்ன வரையில் அந்தப் பத்துப் பேரும் நேர்மையானவர்களே. அதற்குமேல் போனார்கள். தேசமே தன் குடிகளைப் பட்சிக்கிறது என்றார்கள். தாங்கள் வெட்டுக்கிளிகளைப் போலிருந்தோம் என்றார்கள். நம் வேதாகமம் அங்கேதான் 'துர்ச்செய்தி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. எபிரெயத்தில் அது 'திப்பா'. யோசேப்பு தன் சகோதரரைப் பற்றித் தகப்பனிடம் கொண்டுபோன பேச்சுக்கும் அதே சொல்தான். ஆக, குறை சொல்வது துர்ச்செய்தி ஆகாது. அளவை மீறுவதே துர்ச்செய்தி. அளவை மீறிய நற்செய்தியும் அதன் உடன்பிறப்பே என்று எனக்குத் தோன்றுகிறது. பத்துப் பேரின் மிகைப்பேச்சைக் கேட்டு ஒரு சபை முழுவதும் இராமுழுதும் அழுதது. நாளொன்றுக்கு ஒரு வருடமாக 40 வருடம் வனாந்தரத்தில் அலைந்தது. என் மிகைப்பேச்சுக்கு ஒரு தாயாரின் முழங்கால் விலை கொடுத்தது.

மறுநாள் வாத்தியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருந்துவார் என்று அஞ்சினேன். அவரோ பென்சிலைத் தேடினார். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், அங்கே யாரை விசாரித்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்பு மெல்லச் சொன்னார்: "ஐயா, அந்த நச்சத்திரத்த எல்லாம் எடுக்கச் சொல்லீரலாங்களா? நாப்பது பேர்ல முப்பது பேருகிட்ட புஸ்தகமே இல்லீங்க. வாங்குனவங்க பேரு அத்தனையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன். ஒருத்தரு 'ஊட்டி அத்தியாயம் அருமை'ன்னு எழுதியிருக்கறாரு. நம்ம புஸ்தகத்துல ஊட்டியே கெடையாதுங்களே!"

நட்சத்திரங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதை நான் பிறகு தேடிப் படித்தேன். மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேய அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஐரோப்பிய வழிகாட்டிகளில், காணத்தக்க ஓவியங்களுக்கு ஆச்சரியக்குறிகளை இட்டார். சிறப்புக்குத் தக்கபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று. 1827-இல் ஜெர்மனியின் கோப்லன்ஸ் நகரில் புத்தகக் கடை திறந்த கார்ல் பேடெக்கர் 1840-களில் அதையே நட்சத்திரமாக்கினார். இந்தப் பேடெக்கர் மிலான் பேராலயத்தின் படிகளில் ஏறியபோது, 20 படிக்கு ஒரு பட்டாணியாக ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றிக்கொண்டே எண்ணினார் என்று ஒரு கதை சொல்வார்கள். இறங்கும்போது மறுபடியும் எண்ணிச் சரிபார்த்தாராம். விடுதிக்காரர்கள் பணம் கொடுத்து அவர் நூலில் பரிந்துரை பெற முடியாது. ஒரு நட்சத்திரம் இடுவதற்குமுன் ஒருவர் படியேறியிருக்கிறார் என்பதுதான் அந்தக் குறியின் பொருளாக இருந்தது. நம் பிள்ளைகள் படுக்கையில் படுத்தபடி 200 நட்சத்திரம் இட்டுவிட்டார்கள்; நான் அனுமதித்தேன்.

அரசாங்கமும் இதைக் கவனித்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஒரு தரநிலையை (ஐஎஸ் 19000:2022) வெளியிட்டது. விமர்சனம் எழுதியவர் உண்மையில் இருக்கிறாரா என்று சரிபார்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. வாலிபர் ஐக்கியத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி, "ஐயா, அப்போ நம்ம மேல கேஸ் வருமா?" என்று பதறினான். வராது தம்பி என்றேன். அன்றிரவே பிள்ளைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். நூலைப் படித்திருந்த பத்துப் பேர் மட்டும், தாங்கள் ஆசிரியரின் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லி, தங்கள் சொந்த வலைப்பக்கங்களில் மறுபடி எழுதினார்கள்.

இப்பொழுது நடந்ததைக் கேளுங்கள். வாத்தியார் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்து, மீதமிருந்த பிரதிகளில் எல்லாம் தம் கையாலேயே ஒட்டினார். அந்தத் தாயார் அடுத்த பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், நான் கேட்டுக்கொண்டபடி, 5 நிமிடம் பேசினார். நூலில் பேருந்து தவறு, எழுத்து சிறியது, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, வரைபடத்தில் வடக்கு எது என்றே தெரியவில்லை என்றார். பிறகு அந்தக் குழந்தையின் கல்லைப் பற்றிச் சொன்னார். கொடிவேரியில் எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று நூல் சொன்னது சரியாயிருந்தது என்றார். வயதானவர்கள் தனியாகப் போகவேண்டாம், இருவராகப் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்த வாரம் விற்றது 11 பிரதிகள்தான். என் பிரசங்க மேடை விற்ற 60-க்கு முன் அது சிறிய எண். ஆனால் அந்தப் பதினொன்றும் படிக்கப்பட்டன. ஒருவர் சூலூரிலுள்ள தம் நாத்தனாரிடம் சொல்ல, அங்கிருந்து 3 பிரதிகள் கேட்டு வந்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து, நம் சபையைச் சேராத ஓர் ஆசிரியை, தம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டும் என்று 20 பிரதிகள் கேட்டார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்றதற்கு, 'பஸ் தப்பா போட்ட புஸ்தகம்' என்று ஒரு தோழி சொன்னதாகச் சொன்னாராம். இதைச் சொல்லும்போதுதான் வாத்தியார் முதன்முறையாகச் சிரித்தார்.

உலகமறிந்த வழிகாட்டி நூல்கள் சிலவற்றின் கதையும் இதற்குத் தூரமில்லை. டோனி வீலர், மொரீன் வீலர் என்ற இளந்தம்பதியர் லண்டனிலிருந்து ஆசியா வழியாகத் தரைமார்க்கமாய் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தபோது, எப்படி வந்தீர்கள், எவ்வளவு செலவாயிற்று என்று கண்டவரெல்லாம் கேட்டார்களாம். அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் 1973-இல் சிட்னியில், வீட்டுச் சமையலறை மேசையில், ஒரு சிறு நூலைத் தாங்களே தயாரித்துக் கடை கடையாகக் கொண்டுபோனார்கள். லோன்லி பிளானட் நிறுவனம் அங்கே பிறந்தது. பின்னாளில் அவர்களுடைய நூல்கள் வளர்ந்தது, இந்த விடுதி மூடிவிட்டது, அந்தப் படகு இப்போது இல்லை என்று வாசகர்கள் எழுதிய கடிதங்களால். குறை கண்ட வாசகனே அடுத்த பதிப்பின் துணையாசிரியன். தமிழிலும் உலகம் சுற்றி வந்து எழுதிய ஏ.கே. செட்டியாரும், மாவட்டம் மாவட்டமாக நூல் எழுதிய சோமலெயும் நமக்கு வாய்த்தார்கள். அவர்கள் நூல்களை இன்று எத்தனை வீடுகளில் காண்கிறோம்? நல்ல நூல் தானே பரவும் என்பது எனக்கு நம்பிக்கையில்லாத ஒரு வாக்கியம். யாராவது இன்னொருவரிடம் சொல்லவேண்டும்.

சமாரியாவின் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். குடத்தைக் கிணற்றடியில் விட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, தான் கண்டதை மட்டும் சொன்னாள். இவர்தானோ என்று ஒரு கேள்வியோடு நிறுத்தினாள். பின்பு ஊரார் அவளிடம் சொன்னதை யோவான் மறக்காமல் எழுதியிருக்கிறார்: இனி உன் சொல்லுக்காக அல்ல, நாங்களே கேட்டு அறிந்தோம் என்ற பொருளில். அவள் இதைக் கேட்டு வருந்தியதாக எழுதப்படவில்லை.

ஆகையால் பிரியமானவர்களே, இந்த நூலைப் பற்றி உங்களிடம் மறுபடியும் கேட்கிறேன், இம்முறை முழுவதும் படித்தபிறகு. வீட்டில் பிரதி வைத்திருப்போர் முதலில் அதைத் திறந்து படியுங்கள். ஓரிடத்துக்காவது போய் வாருங்கள். பிறகு போக விருப்பமுள்ள ஒருவரிடம் சொல்லுங்கள். எல்லாரிடமும் வேண்டாம், வீட்டைவிட்டு வெளியே போகப் பிடிக்காத உங்கள் மைத்துனரிடம் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். எழுதியவர் எங்கள் சபைக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிடிக்காதது இருந்தால் அதையும் சொல்லுங்கள். எனக்கு வரலாற்றுப் பகுதி பிடித்தது; உணவைப் பற்றிய பகுதி போதவில்லை. ஊத்துக்குளி வெண்ணெயைப் பற்றி இரண்டே வரி, அரிசிம்பருப்புச் சோற்றைப் பற்றி ஒன்றுமே இல்லை. கொங்கு நாட்டில் பிறந்த ஒருவர் இப்படி எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். வலையுலகம் வழியாக அல்லது வாட்ஸ்அப்பில் எழுதுவோர், படிக்காமல் ஒரு வரியும் எழுதவேண்டாம். முன்பு என் பேச்சைக் கேட்டு எழுதியவர்கள் என்னை மன்னியுங்கள்.

இரண்டாம் பதிப்புக்கு வாத்தியார் ஆயத்தமாகிறார். ஆலயத்தின் பின்வாசல் மேசையில் ஒரு 80 பக்க நோட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் கண்ட பிழைகளை, பக்க எண்ணோடு, அதில் எழுதலாம். முதல் பக்கத்தில் அந்தத் தாயாரின் கையெழுத்தில் பேருந்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதன் கீழே, வேறொருவர், அந்தச் சிற்றூருக்கு இப்போது காலை 10:40-க்கு ஒரு மினி பஸ் வருகிறது என்று எழுதியிருக்கிறார். யார் என்று தெரியவில்லை. வாத்தியார் அடுத்த செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவரப் போகிறார். அந்தத் தாயாரும் அவர் தங்கையும் உடன் போகிறார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்